முப்பது தடவை கேட்ட பூ

முருகன் துணை

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் செந்தில்வேல் அவர்களுக்கு, அக்காள் கணவன் ஆறுமுகசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் உடம்பளவில் சுகம். அங்கே குன்னத்தூரில் தாங்களும், தங்கள் வீட்டாரும், மஞ்சள் காடும், கன்று போட்ட மாடும் நலமாக இருக்க வேண்டுமென்று முருகனைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் முருகனிடம் புதிதாக எதையும் கேட்கிற நிலைமையில் எங்கள் குடும்பம் இப்போது இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் பார்த்தேன். "மச்சான், மாப்பிள்ளை சாமிகிட்டப் போயி" என்று ஆரம்பித்ததுமே தாங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த தங்கள் மனைவி போனை வாங்கி, அவரும் சிரித்து, கடைசியில் மாடு கத்துகிறது என்று வைத்துவிட்டீர்கள். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. ஆகவே எழுதுகிறேன். நம் கம்பெனி வேன் ஆள் ஏற்ற அந்தப் பக்கம்தான் வருகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். "பையன் பேரு வேல்குமாரு, கோயமுத்தூர்ல ஆராய்ச்சி நிலையத்துல வேலை, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டான்" என்றீர்கள். உண்மைதான், அதிர்ந்து பேசுவதில்லை. மெதுவாகப் பேசியே ஒரு ஊரை ரெண்டாக்கிவிடுகிறார். என்ன ஆராய்ச்சி என்று தாங்கள் விசாரிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நானே கேட்டேன். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லையாம். உலகத்தில் யார் யாரோ கண்டுபிடித்துப் பேர் வாங்கிய விஷயத்தை எடுத்து, அதே மாதிரி மறுபடி செய்து பார்த்து, அதே விடை வருகிறதா இல்லையா என்று எழுதுவதுதான் வேலையாம். பாதிக்குப் பாதி வருவதில்லையாம். நானோ செக்கிங் யூனிட் நடத்துகிறவன். அடுத்தவர் தைத்த பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடியே வயிறு வளர்த்தவன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அப்ப மாப்பிள்ளையும் நம்ம லைன்தானுங்க!" என்று இன்னொரு மைசூர்பாகை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அந்த மைசூர்பாகை வைத்திருக்கவே கூடாது.

ஏனென்றால் அந்த உற்சாகத்தில் என் சொந்த ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். போன வருஷம் எங்கள் முதலாளிகள் சங்கத்தில் ஒரு பயிற்சியாளர் வந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக் காலை அகட்டி இரண்டு நிமிடம் நின்றால் உடம்புக்குள் தைரிய ஹார்மோன் ஏறும், விஞ்ஞானிகள் கண்டது என்று சொல்லிக் கொடுத்தார். அன்றுமுதல் பனியன் வாங்குகிற பையரின் ஆள் சரக்குப் பார்க்க வரும்போதெல்லாம் நான் பாத்ரூமில் போய் அப்படி நின்றுவிட்டுத்தான் வெளியே வருவேன். சிங்கம் மாதிரி பேசுவேன். மாப்பிள்ளை இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத் திருப்பிச் செஞ்சு பார்த்தாங்க மாமா. ஹார்மோன் ஒண்ணும் மாறலீங்க. தைரியம் வந்தமாதிரி தோணறது மட்டும் கொஞ்சம் நிக்குதுங்க, அதுலயும் இன்னும் சண்டை ஓடிட்டிருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான், என் தைரியம் அன்றைக்கே இறங்கிவிட்டது. மறுநாள் பையரின் ஆள் வந்தபோது பாத்ரூமில் நின்று பார்த்தேன். கால்தான் வலித்தது.

அதோடாவது விட்டாரா? பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறதாம். அது விரிகிற வேகத்தை இரண்டு கூட்டத்தார் இரண்டு வழியில் அளக்கிறார்களாம். இரண்டு விடை வருகிறதாம். வருஷக்கணக்காக உன் அளவு தப்பு, என் அளவு சரி என்று தகராறாம். இதை என்னவோ அதிசயம் மாதிரிச் சொன்னார். சாயம் போடுகிற டையிங்காரர் மீட்டரில் ஒரு ஷேடு, நம் மீட்டரில் ஒரு ஷேடு காட்டுவது திருப்பூரில் தினம் நடக்கிற கூத்து. "ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல உட்கார வெச்சு, ஒரே லைட்டுல காட்டோணுமுங்க" என்று நானே தீர்ப்பும் சொன்னேன். "அதைத்தானுங்க மாமா பண்ணப் பாக்கறாங்க" என்றார். கதவருகே நின்றிருந்த நம் பெண் அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையரோடு மல்லுக்கட்டுகிற பெண், வீட்டுக்கு வந்து சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவர்கள் போன பிறகு உங்கள் அக்கா கேட்டதற்கு, "பிடிச்சிருக்குதும்மா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எங்களுக்கும் வேறென்ன வேண்டும்? வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தோம்.

மிச்சம் இருந்தது பூக் கேட்பது ஒன்றுதான். நம் குடும்பத்தில் வெள்ளைப் பூ வராமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்பது தங்களுக்கே தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொரு பொட்டலத்தில் செவ்வரளி, இரண்டையும் சாமி காலடியில் வைத்து, வரிசையில் நிற்கிற யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். ஐந்து நிமிட வேலை. போன கிருத்திகையன்று நாங்களும், மாப்பிள்ளையும், அவருடைய தாயார் வள்ளியாத்தாளும், சாமி கும்பிட்டமாதிரியும் இருக்கும் என்று வேனில் ஏறிவந்த நம் செக்கிங் பெண்கள் பத்துப் பேரும் குன்றுக் கோயிலுக்குப் போனோம். பூசாரி பொட்டலம் கட்டி வைத்தார். நேர்த்திக்கடனுக்கு வந்து முன்னால் நின்ற ஒரு அம்மாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை! உங்கள் அக்கா "முருகா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வள்ளியாத்தாள் உங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தேங்காய் உடைக்கத் திரும்பினேன். அப்போது பின்னாலிருந்து அந்த மெதுவான குரல் வந்தது.

"ஏனுங்க மாமா, ஒரு தடவை போதுங்களா?"

உங்கள் அக்கா, "சாமிகிட்ட ஒருக்காக் கேட்டாப் போதும் கண்ணு" என்றாள். அவர் விடவில்லை. "இல்லீங்க அத்தை, ஒருக்கா வெள்ளை வர்றது சும்மாவும் வருமுங்க. காசு சுண்டறமாதிரிதானுங்க. முப்பது தடவை கேட்டாத்தானுங்க சாமி நெசமாவே சொல்றாரான்னு தெரியும்." உங்கள் அக்கா விறைத்துப்போய், "முருகன் காசு சுண்டறாருங்கறீங்களா?" என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் பெற்ற பெண் முந்திக்கொண்டாள். "அப்பா, ஒரு பீஸ் பாஸ் ஆனா லாட்டே பாஸ்னு நீங்க விடுவீங்களா?" மச்சான், தொழில் தெரிந்தவனைத் தொழிலாலேயே அடித்தால் என்ன செய்வது? விடமாட்டேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் அது கோயிலாக இல்லை. பூசாரி கட்டினால் எது எந்தப் பூ என்று அவர் விரலுக்குத் தெரிந்துவிடும், கட்டுகிறவர் வேறு, வைக்கிறவர் வேறு, எடுக்கிறவர் வேறாக இருக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று மாப்பிள்ளை சொன்னார். நம் சூப்பர்வைசர் ராக்கம்மாளைத் தெரியுமல்லவா, சாத்தூர்ப் பக்கத்துக்காரி, வாயைத் திறந்தால் பவர்லூம் சத்தம் அமுங்கிப்போகும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதுக்கென்ன மொதலாளி, லைனைப் போட்டுட்டாப் போச்சு" என்று கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நம் பெண்களை உட்கார வைத்து இலை நறுக்க ரெண்டு பேர், பூப் போட ரெண்டு பேர், நூல் கட்ட ரெண்டு பேர் என்று ஷிப்ட்டே ஆரம்பித்துவிட்டாள். "ஏளா, முடிச்சு ஒரே அளவா விழட்டும், இம்புட்டு பெருசா இருந்தா சாமி கண்டுபிடிச்சிரும்!" என்று அவள் அதட்டுவது கர்ப்பகிரகம்வரை கேட்டது. முடிச்சு சரியில்லாத பொட்டலத்தை ரிஜெக்ட் செய்து ஓரமாகப் போட்டாள். பூசாரி என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங்க சாமி, முப்பதுக்கும் தீபாராதனை காட்டோணுமுங்களா, இல்ல மொத்தத்துக்கு ஒண்ணு போதுங்களா?" என்று கேட்டார். பூ எடுத்துக் கொடுத்த அம்மாள், தான் மொட்டை போட வந்தவள் என்றும் தன்னை விட்டுவிடும்படியும் கேட்டார். ஆளை மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும் என்று மாப்பிள்ளை அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

முடிவில் பதினாறு வெள்ளை, பதினாலு சிவப்பு.

மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "நெனச்சமாதிரியே வந்துருச்சுங்க, ரெண்டும் பாதிக்குப் பாதி" என்றார். உங்கள் அக்கா, "முப்பதுக்குப் பதினாலு டேமேஜா?" என்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் எத்தனை வருஷம் என்னோடு செக்கிங் டேபிளில் நின்றவள்! பதினாலு டேமேஜ் இருக்கிற லாட்டை எந்த ஊர் பையர் எடுப்பார்? ஆனால் வள்ளியாத்தாள் அசையவில்லை. "ஏனுங்க சம்பந்தி, ஒத்தை ஓட்டுல ஜெயிச்சாலும் எம்.எல்.ஏ., எம்.எல்.ஏ.தானுங்க. நமக்கு ரெண்டு ஓட்டு அதிகமுங்க" என்றார். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் வந்தது மட்டும்தான் செல்லும், மிச்சம் இருபத்தொன்பதும் சாமி கோபத்தில் கொடுத்தது என்றது ஒரு கட்சி. கடைசியில் வந்தது சிவப்பு, சாமியின் கடைசி வார்த்தை அதுதான் என்றது இன்னொரு கட்சி. போதாக்குறைக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால் நிலம் வாங்கப் பூக் கேட்டுச் சிவப்பு வந்து விட்டுவிட்ட ஒருவர், அந்த நிலம் இன்று என்ன விலை போகிறது தெரியுமா என்று பூசாரியின் துண்டைப் பிடித்துக்கொண்டு தனக்கும் முப்பது தடவை கேட்டே ஆக வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. பூசாரி உச்சிக்காலத்துக்கு முன்பே நடையைச் சாத்திவிட்டார். மறுநாள் கோயிலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள்: "ஒரு காரியத்துக்கு ஒரு முறை மட்டுமே பூக் கேட்கப்படும். ஆராய்ச்சிக்கு அனுமதி இல்லை." அந்தப் போர்டைப் பார்க்கிறவர்களெல்லாம் என் பெயரைச் சொல்கிறார்களாம்.

சரி, இதோடு போயிற்று என்று பார்த்தால், இப்போது ஆராய்ச்சி உங்கள் அக்காவுக்குத் தொற்றிக்கொண்டுவிட்டது. ஒரு கோயிலில் கேட்டதுதான் தப்பு என்று, கூடை நிறைய அரளியோடு டவுன் பஸ் ஏறி, சுற்றுவட்டாரத்தில் எங்கெல்லாம் முருகன் இருக்கிறாரோ அங்கெல்லாம் போய்க் கேட்டு வருகிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் வெள்ளைதானுங்க" என்பாள். நாலு நாள் வெள்ளை, ஐந்தாம் நாளும் வெள்ளை. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. போன ஞாயிறு மாப்பிள்ளை வந்திருந்தபோது பெருமையாகச் சொன்னாள். அவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, செகப்பு வந்ததெல்லாம் எங்கீங்க?" என்றார். உங்கள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் பொட்டலம் சரியாக் கட்டாதது கண்ணு, அங்கியே போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

உடனே அவர் ஆரம்பித்துவிட்டார். பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இதே வியாதிதானாம். நினைத்தபடி வந்ததைப் பத்திரிகையில் போடுகிறார்கள், வராததை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், அதனால்தான் படிக்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக வந்தமாதிரி தெரிகிறதாம். இப்போது அதைத் தடுக்க, என்ன செய்யப் போகிறோம், எத்தனை தடவை செய்யப் போகிறோம், எது வந்தால் என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒரு பொது இடத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்களாம். உங்கள் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள். "என்ற புள்ள கல்யாணம் நடக்கோணும்னுதான கண்ணு செகப்பைத் தூக்கிப் போட்டேன். அது தப்புங்களா?" மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் உங்கள் அக்கா, இருபது தடவை கேட்பேன், பன்னிரண்டு வெள்ளை வந்தால் சம்மதம் என்று ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பக்கத்துக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். பதினொன்று வந்தது. உண்டியலைத் திறந்து சீட்டைத் திருத்தித் தர முடியுமா என்று கோயில் ஆபீசில் கேட்டுப் பார்த்தாள்.

கம்பெனியிலும் நிம்மதி இல்லை. செவ்வாய்க்கிழமை பையரின் ஆள் வந்தான். எடுத்த முதல் பனியனிலேயே அக்குளில் ஓட்டை. நான் சமாளிப்பதற்குள் ராக்கம்மாள், "ஒண்ணுல வந்தா அது தற்செயல் சார், முப்பது பாத்தாத்தான் நெசம் தெரியும், மாப்பிள்ளை சொல்லியிருக்காக" என்று மிச்சம் இருபத்தொன்பதையும் அவன் முன்னால் பிரித்துப் போட்டாள். நெசம் தெரிந்துவிட்டது. லாட் அப்படியே நிற்கிறது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். லாட் போனால் இன்னொரு லாட் வரும். ஆனால் மச்சான், எனக்கு இருப்பது ஒரே பெண். எதையும் ஒரு தடவை சொன்னால் நம்பாத மனிதரிடம் அவளைக் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவேன்? சாமி சொன்னதையே நம்பாதவர், நாளைக்கு என் பெண் தலை வலிக்கிறது என்றால் நம்புவாரா? முப்பது தலைவலிக்குக் காத்திருப்பாரா? நல்ல குழம்பு வைத்தால், ஒரு நாள் குழம்பை வைத்து முடிவு செய்ய முடியாது என்பாரா? அனுப்ரியா பொறுமைசாலி அல்ல. அவள் ஒன்றை ஒரு தடவைதான் சொல்வாள். சொன்னது கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லமாட்டாள், உள்ளேயே வைத்துக்கொண்டு இளைத்துப்போவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆகவே என் முடிவு இதுதான். தாய்மாமன் என்ற முறையிலும், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் என்ற முறையிலும், தாங்கள் புதன்கிழமைக்குள் புறப்பட்டுப் போய், வள்ளியாத்தாளிடம் பக்குவமாகப் பேசி, வெள்ளிக்கிழமை நிச்சயத்தை நிறுத்திவிட வேண்டியது. காரணம் கேட்டால் ஜாதகத்தில் ஏதோ என்று சொல்லுங்கள். ஜாதகத்தை முப்பது பேரிடம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை ஆரம்பிப்பதற்குள் எழுந்து வந்துவிடுங்கள். அனுப்ரியாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கு என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாட்டுக்குச் சினையாக இருந்தபோது கொடுத்த அதே தீவனத்தையே கொடுக்கவும். எல்லோரும் தீர்க்காயுசோடும், கேட்ட கேள்விக்கு ஒரே தடவையில் பதில் கிடைக்கிற பாக்கியத்தோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
ஆறுமுகசாமி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் சத்தம். மாப்பிள்ளை. அத்தையை அழவைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்தாராம். உங்கள் அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள், அனுப்ரியா டியூட்டியில் இருந்தாள். எப்படியும் நிறுத்தப்போகிறோம், மனதில் இருப்பதைக் கேட்டுவிடலாம் என்று உட்காரச் சொல்லாமலே கேட்டேன். "ஏனுங்க மாப்பிள்ளை, உங்களைப் பிடிச்சிருக்குதுன்னு என்ற பொண்ணு உங்ககிட்டயும் சொன்னாளாமே, அதை எத்தனை தடவைங்க கேட்டீங்க?"

"ஒருக்காத்தானுங்க மாமா."

"ஏன், அதை முப்பது தடவை கேக்கலீங்களா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "இன்னொருக்காக் கேட்டு, வேற பதில் வந்துருச்சுன்னா என்னுங்க மாமா பண்றது? அந்தப் பயத்துலயே கேக்கலீங்க."

மச்சான், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கிருக்கிற அதே பயம் அவருக்கும் இருக்கிறது. நான் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரை உட்கார வைத்தேன்.

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் சீர்த் தட்டோடு குடும்பமாக வந்து சேருங்கள். தாய்மாமன் வராமல் தட்டு மாற்ற முடியாது. இந்தக் கடிதத்தை நானே கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் உங்கள் அக்கா குப்பைக்கூடையில் கிடக்கிற துண்டுகளை ஒட்டிப் படிக்கிறவள். அதனால் அனுப்புகிறேன், அங்கே வைத்துக் கிழித்துவிடுங்கள்.